பொட்டாசியம் 3.9: எப்போதைய 3.9?

நிலாவெளிக்காரன்:
திருகோணமலையில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு மூன்று பேர் சேர்ந்து மென்பொருள் செய்தோம். பதிவு, ஆய்வுகூடம், மருந்தகம் மூன்றும் தனித்தனி; எச்.எல்.7 (மருத்துவ மென்பொருள்கள் தகவல் பரிமாறும் பொது வடிவம்) செய்திகளால் பேசிக்கொள்ளும். ஒன்று படுத்தாலும் மற்றவை ஓடும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

ஒரு மாலை வார்டுத் தாதி அழைத்தார். "தம்பி, இந்த ஐயாவுக்குப் பொட்டாசியம் திரையில் 3.9. கையிலுள்ள தாளில் 5.8. எதை நம்புவது?"

ஐயா இரத்த அழுத்தத்துக்கு லொசார்டன் எடுப்பவர். அந்த மாத்திரையே பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது. ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும். தாதி தாளைப் பார்த்திராவிட்டால்? நினைக்கவே வயிற்றைக் கலக்குகிறது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். பரிசோதனை இயந்திரத்தோடு இணைந்த கணினியில் கடிகாரத்தை ஓட்டும் பட்டன் பற்றரி செத்திருந்தது. மத்தியான மின்வெட்டுக்குப் பிறகு அதன் கடிகாரம் 2000 ஜனவரி 1க்குப் போய்விட்டது. எங்கள் திரை நேரப்படி அடுக்குவதால் புதிய முடிவு அடியில் புதைந்துபோய், போன மாதத்து 3.9 உச்சியில் நின்றது. மூன்று பகுதிகளும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்திருந்தன; எதிலும் பிழைச் செய்தி இல்லை.

இப்போது இயந்திரம் சொல்லும் நேரம், எங்களுக்கு வந்துசேர்ந்த நேரம் இரண்டையும் பதிகிறோம். பத்து நிமிடத்துக்கு மேல் விலகினால் சிவப்பு. ஒவ்வொரு முடிவுக்கும் அருகில் "34 நாள் பழையது" என்று கொட்டை எழுத்தில் வரும். அழகில்லை என்றார் வடிவமைப்பாளர். இருக்கட்டும்.

மூதூர்ப் பெண்:
அண்ணா, எங்களுக்கு மழைதான் பகை. நகரிலுள்ள மருந்தகத்துக்கு மருந்துச் சீட்டுச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும், 'கிடைத்தது' என்ற பதில் வருமுன் இணைப்பு அறும். நம் பக்கம் மறுபடி அனுப்பும். ஓர் ஆச்சி மெற்ஃபோமின் (நீரிழிவு மாத்திரை) பொட்டலத்தோடு திரும்பி வந்தார்: "பிள்ளை, இது போன முறையைவிட இரண்டு மடங்கு!" செய்தித் தலைப்பின் 10ஆம் புலத்தில் அடையாள எண் இருந்தது, அதை மருந்தகப் பகுதி பார்க்கவே இல்லை. இப்போது ஒரே எண் இரண்டாம் முறை வந்தால் பதில் மட்டும் போகும், மருந்து போகாது.

கிண்ணியா வாசி:
நேரம் என்றதும் நினைவு வந்தது. நாங்கள் எல்லாவற்றையும் உலகப் பொது நேரத்தில் சேமித்தோம். அச்சிடும் பகுதி இலங்கை நேரத்துக்கான ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறந்துவிட்டது. அதிகாலை 3 மணிக்குப் பிறந்த குழந்தை, அட்டையில் முதல் நாள் இரவு 9.30க்குப் பிறந்துவிட்டது. பரிசோதகர்கள் எவரும் காணவில்லை. சாதகம் எழுதக் கொடுக்கப் போன அம்மம்மாதான் பிடித்தார்.