புதுப்பிப்பு: கால் விரிஞ்ச சிறுவிடை நாட்டுக்கோழிக் குஞ்சு

ரெண்டு காலும் பக்கவாட்டுல விரிஞ்சு, எந்திரிக்க முடியாம கெடந்த குஞ்சைப் பத்தி முன்னாடி எழுதியிருந்தேனுங்க. ரெண்டு காலையும் சேர்த்துக் கட்டி விட்டதுல இப்ப நிக்குது. நடை இன்னும் தடுமாட்டந்தான்.

காலைக் கட்டுற முறை கேட்டிருந்தீங்க. பிளாஸ்திரியை அரை செ.மீ. அகலத்துல நறுக்கி, முட்டிக்குக் கீழ, பாதத்துக்கு மேல ரெண்டு காலையும் சேர்த்துச் சுத்தோணும். நடுவுல முக்கால் முதல் ஒரு அங்குலம் இடைவெளி இருக்கோணும். நெருக்கிக் கட்டுனா குப்புற விழும். விரல் வீங்குனாலோ கறுத்தாலோ உடனே அவுத்துருங்க. குஞ்சு வளர வளர, ரெண்டு நாளைக்கு ஒருக்கா மாத்திக் கட்டுங்க. பொரிச்ச முதல் வாரத்துலயே செஞ்சாத்தான் பலன். எலும்பு இறுகிட்டா கஷ்டமுங்க.

பெட்டிக்குள்ள வெறும் பேப்பர் வேண்டவே வேண்டாம், வழுக்கும். சாக்கு விரிங்க. தண்ணி வைக்கிற மூடியில கூழாங்கல் போடுங்க, இல்லீனா குஞ்சு முங்கிரும்.

விரல் உள்பக்கமாச் சுருண்டிருந்தா அது வேற சமாச்சாரம், பெரும்பாலும் வைட்டமின் பி2 சத்துக் குறைவு. அதுக்குக் கட்டு மட்டும் பத்தாது.