புதுப்பிப்பு: கீமோவுக்கு முன் கருமுட்டை சேமித்துவிட்டேன்

மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த வாரம், கீமோ சினைப்பையைப் பாதிக்கலாம் என்பதால், அதற்கு முன் கருமுட்டைகளை உறையவைக்க நேரம் கிடைக்குமா என்று இங்கே கேட்டிருந்தேன். கிடைத்தது.

அடுத்த மாதவிலக்கு வரை காத்திருக்க வேண்டுமோ என்று பதறிக்கொண்டிருந்தேன். தேவையே இல்லை, முட்டைகளை வளரவைக்கும் ஊசியை எந்த நாளிலும் தொடங்கலாமாம். எனக்கு மொத்தம் 12 நாட்கள். என் கட்டி ஈஸ்ட்ரோஜனால் வளரும் வகை, அதனால் அந்த ஹார்மோன் எகிறாமல் இருக்கக் கூடவே லெட்ரோசோல் மாத்திரையும் கொடுத்தார்கள். தினமும் ராத்திரி தொப்புளுக்குக் கீழே தோலைக் கிள்ளிப் பிடித்து நானே குத்திக்கொண்டேன். முதல் நாள் கால் மணி நேரம் ஊசியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பழகிவிட்டது. கடைசி இரண்டு நாள் வயிறு உப்பி, குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை.

9 முட்டைகள் கிடைத்தன. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இருக்கின்றன. 9 முட்டை என்றால் 9 குழந்தை இல்லை, அது தெரியும்.

'கோசெரலின் ஊசி மட்டும் போதுமே' என்று ஒருவர் எழுதியிருந்தீர்கள். கீமோவுக்கு ஒரு வாரம் முன்பு அதையும் போட்டார்கள், இனி 4 வாரத்துக்கு ஒருமுறை. சினைப்பையைத் தூங்கவைக்கும், சரி. ஆனால் அது கூடுதல் காப்புதான், முட்டை சேமிப்புக்கு மாற்று இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

ஒரே ஆதங்கம்: முதலில் பார்த்த மருத்துவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானாகக் கேட்டுத்தான் கருத்தரிப்பு நிபுணரிடம் அனுப்பினார்.

நாளை இரண்டாவது கீமோ.