கேயூ பேண்ட் ஃப்ராக்டல் ஆன்டெனா: பின்பக்கம் போகும் சக்தியை எப்படித் தடுப்பது?

வணக்கம் நண்பர்களே. எம்.இ. ப்ராஜெக்டுக்காக, கேயூ பேண்ட் செயற்கைக்கோள் டவுன்லிங்கின் (வானிலிருந்து பூமிக்கு வரும் சிக்னலின்) 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரை முழுவதையும் பிடிக்கும் ஃப்ராக்டல் ஆன்டெனா, அதாவது ஒரே வடிவம் சிறிதாகிச் சிறிதாகித் திரும்ப வரும் ஆன்டெனா ஒன்றை வடிவமைக்கிறேன்.

முதலில் எடுத்தது சியர்பின்ஸ்கி முக்கோணம் (முக்கோணத்துக்குள் முக்கோணமாக வெட்டிய ஃப்ராக்டல்). அதில் ஒத்ததிர்வுகள் ஏறக்குறைய இரண்டிரண்டு மடங்காகத் தள்ளித் தள்ளி விழுகின்றன. பல பேண்ட் வேண்டுமென்றால் அருமை. தொடர்ச்சியாக ஒரே அகலப் பட்டை கேட்டால் கையை விரிக்கிறது. அதனால் சதுரத்துக்குள் சதுரத் துளைகளாக வெட்டிய சியர்பின்ஸ்கி கார்பெட்டுக்கு மாறி, அடியிலுள்ள கிரவுண்டை (செப்புத் தளத்தை) பாதியாக வெட்டினேன். சிமுலேஷனில் எஸ்11 (ஆன்டெனா ஏற்காமல் திருப்பி அனுப்பும் சக்தியின் அளவு) பட்டை முழுவதும் மைனஸ் 10 டெசிபெலுக்குக் கீழே வந்துவிட்டது. சரி என்று பேட்டர்னை (சக்தி எந்தத் திசையில் எவ்வளவு போகிறது என்ற படத்தை) பார்த்தால், சக்தியில் பாதி பின்பக்கம் போகிறது! வானத்தை நோக்க வேண்டிய ஆன்டெனாவுக்கு இது ஆகாது.

பின்னால் கால் அலைநீளம், அதாவது சுமார் 6.4 மி.மீ. தள்ளி ஒரு ரிஃப்ளெக்டர் தகடு வைத்தால் பட்டையகலம் எவ்வளவு அடிபடும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். மூன்றாவது இட்டரேஷனில் (துளை வெட்டும் சுற்றில்) துளைகள் 0.3 மி.மீ. அளவுக்குச் சுருங்குகின்றன, எட்சிங்கில் (ரசாயனத்தால் செம்பை அரித்தெடுப்பதில்) ஒழுங்காக வருமா, இரண்டோடு நிறுத்திவிடவா?

அப்புறம், எஃப்ஆர்4 எனும் வழக்கமான சர்க்யூட் போர்டில் இந்த அதிர்வெண்ணில் இழப்பு அதிகம். இழப்பு குறைந்த போர்டான ரோஜர்ஸ் 5880-ஐச் சின்னத் துண்டாக விற்பவர்கள் சென்னையிலோ கோவையிலோ இருக்கிறார்களா? முழு ஷீட் வாங்க மாணவன் பர்ஸ் தாங்காது. சிமுலேஷன் கோப்பு கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன்.