கலைச்சொல் விவாதம்: 'தகவமை உடற்கல்வி' சரிவருமா?

பாடநூல் மொழிபெயர்ப்பாளர்:

குழும நண்பர்களுக்கு வணக்கம். பி.பி.எட். (உடற்கல்வியியல் இளநிலைப் பட்டம்) மாணவர்களுக்கான கைநூல் ஒன்றைத் தமிழில் தொகுக்கிறோம். மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஏற்ப மாற்றி நடத்தும் உடற்கல்வியைப் பற்றிய 'அடாப்டட் பிசிக்கல் எஜுகேஷன்' என்ற தாளுக்குப் பெயர் வைப்பதிலேயே வண்டி நின்றுவிட்டது. இதுவரை வந்தவை: சிறப்பு உடற்கல்வி, உள்ளடக்கிய உடற்கல்வி, தகவமைப்பு உடற்கல்வி, தழுவல் உடற்கல்வி. பெயராக மட்டும் இருந்தால் போதாது, வினையாகவும் வர வேண்டும். 'இந்த விளையாட்டை இன்னவாறு செய்க' என்று பக்கத்துக்குப் பக்கம் எழுத வேண்டியிருக்கிறது.

உடற்கல்வியியல் விரிவுரையாளர்:

'தழுவல்' நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் போய்விட்ட சொல், அதை விட்டுவிடலாம்.

'சிறப்பு' கூடவே கூடாது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் சிறப்பாசிரியர் என்றால் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி ஆசிரியர்கள். மாற்றுத்திறன் மாணவர்களுக்குக் கற்பிக்க வருபவரையும் பேச்சு வழக்கில் அப்படியே அழைக்கிறோம். மூன்றாவதாக 'சிறப்பு உடற்கல்வி ஆசிரியர்' என்று ஒருவரை நுழைத்தால் அரசாணை எழுதுகிறவருக்கே தலை சுற்றும்.

'உள்ளடக்கிய' நல்ல சொல்தான், ஆனால் அது வேறொன்றைக் குறிக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 16ஆம் பிரிவில், விளையாட்டு வாய்ப்பும் மற்றவர்களுக்குச் சமமாகக் கிடைக்க வேண்டும் என்கிறதே, அது உள்ளடக்கம், அதாவது இலக்கு. அந்த இலக்கை எட்ட ஆசிரியர் மைதானத்தில் செய்யும் வேலைக்குத்தான் நமக்குப் பெயர் இல்லை. சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையின் கையில் விசிலைக் கொடுத்து ஓரத்தில் நிறுத்தினாலும் பிள்ளை 'உள்ளே'தான் இருக்கிறது. பயிற்சி ஆசிரியர்களின் பாடத்திட்டங்களில் அடிக்கடி காண்பதும் இதைத்தான். வருகைப்பதிவு நிறைந்துவிடும், பிள்ளைக்கு வியர்த்திருக்காது.

அந்த வேலைக்குக் கைப்பிடி, அதாவது ஆசிரியர் மாற்றிப் பார்க்கக்கூடியவை, நான்கு: இடம், செயல், கருவி, ஆள். பந்தை உருட்டிக் கொடுத்து வாங்கும் பயிற்சியில் பார்வையற்ற மாணவி ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே மணி வைத்த மணிப்பந்து வாங்கிக் கொடுத்தால் கருவி மாறிவிட்டது, முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். மணிப்பந்து உருளும்போதுதான் ஒலிக்கும். நின்றால் ஊமை. நின்ற பந்தைத் தேடி அவள் தரையைத் துழாவ, வகுப்பு காத்திருக்கும். ஆகவே ஆளையும் மாற்ற வேண்டும்: பந்து நின்றதும் அதன் அருகிலுள்ள இணை மாணவர் கைதட்டுவார். இடத்தையும் மாற்ற வேண்டும்: பக்கத்தில் கபடி நடந்தால் மணி காதில் விழாது. மணிப்பந்து இல்லாத பள்ளியில் பந்தைப் பாலித்தீன் பையில் போட்டுக் கட்டினால் சரசரக்கும், அதற்கும் நின்றால் ஓசை இல்லை.

எல்லைக்கோடும் அப்படியே. பார்வையற்றோர் ஆடும் பந்தாட்டமான கோல்பாலின் ஆடுகளம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். கோட்டின் டேப்புக்கு அடியில் மெல்லிய கயிறு ஓடும், அதைக் கையாலும் காலாலும் தடவி இடம் அறிவார்கள். நம் மண் தரையில் டேப் ஒட்டாது. சுண்ணாம்புக் கோட்டில் சிறு பள்ளம் கீறி, சணல் கயிற்றை முக்கால் பங்கு புதைத்து மண்ணை மிதித்துவிட வேண்டும். மேலாகப் போட்டால் ஓடும் பிள்ளைகளின் கால் தட்டும்.

செவித்திறன் குறைந்த பிள்ளை இருந்தால் விசிலோடு கொடியும் வேண்டும். ஆசிரியர் வெயிலை முகத்தில் வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் வெயில் இருந்தால் முகம் இருண்டு உதட்டசைவு தெரியாது.

மாற்றுவதோடு விலக்குவதும் இந்த வேலையில் அடங்கும். டவுன் நோய்க்குறி உள்ள சில பிள்ளைகளுக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு இடையே பிடிப்பு தளர்ந்திருக்கும். மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் குட்டிக்கரணம், தலைகீழ் நிற்றல், தலையால் பந்து முட்டுதல் எதையும் தொடக்கூடாது. அதற்காகத் தரைப்பயிற்சி வகுப்பு முழுவதும் அந்தப் பிள்ளை சும்மா உட்கார வேண்டியதில்லை. பக்கவாட்டில் உருளலாம், தாழ்ந்த பலகைமேல் சமன்செய்து நடக்கலாம்.

மிச்சம் இருப்பது 'தகவமைப்பு'. ஒரே தயக்கம்: உயிரியலில் ஒட்டகம்தான் பாலைவனத்துக்குத் தன்னைத் தகவமைத்துக்கொள்கிறது. அந்த நினைவோடு படிக்கும் மாணவர், பிள்ளைதான் வகுப்புக்கு ஏற்ப மாற வேண்டும் என்று எடுத்துக்கொள்வார். உண்மை நேர்மாறு. அமெரிக்காவில் இத்துறை முன்பு 'திருத்த உடற்பயிற்சி' என்ற பெயரில் பிள்ளையின் உடலைத் திருத்தப் பார்த்தது. 1952இல் அங்குள்ள உடற்கல்விச் சங்கத்தின் குழு இன்றைய பெயரை வரையறுத்தபோது, மாற வேண்டியது பாடம் என்றாகிவிட்டது. நம் சொல்லும் பாடத்தையே சுட்ட வேண்டும்.

இலக்கண ஆர்வலர்:

'தகவமைத்த உடற்கல்வி' என்றால் யாரோ முன்பே செய்து முடித்துக் கையில் கொடுத்தது போல் ஆகிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வகுப்பு நடக்கும்போதே மாற்ற வேண்டியிருக்கிறது. 'தகவமை உடற்கல்வி' என்று வினைத்தொகையாக்குங்கள். தகவமைத்த, தகவமைக்கின்ற, தகவமைக்கும் மூன்றும் அடங்கும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் 'தகவமை பயிற்சி', 'தகவமை கருவி' என்று ஒற்றில்லாமல் ஓடும். 'தகவமைப்புப் பயிற்சி' என்று வாய் குழற வேண்டாம்.

குறை ஒன்று உண்டு. 'அமை' தன்வினையுமாகும், பிறவினையுமாகும். 'தகவமைந்த' என்று விரித்தால் ஒட்டகம் திரும்ப வந்துவிடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆசிரியர்:

இலங்கைப் பாடநூல்களில் உயிரியல் சொல் 'இசைவாக்கம்'. 'ஆக்கு' பிறவினை என்றபடியால் அந்தக் குழப்பம் எங்களுக்கு இல்லை, யாரோ ஒருவர் இசைவாக்குகிறார் என்பது தெளிவு. 'இசைவாக்கிய உடற்கல்வி' என்று வைத்தால் என்ன? 'சிறப்பு' எங்களிடம் 'விசேட'. விசேட கல்வி என்றதும் தனி வகுப்பறைதான் ஞாபகம் வரும், ஆகவே அதைத் தவிர்ப்பதற்கு நானும் உடன்பாடு.

விரிவுரையாளர்:

ஐயா, பொருளைப் பார்த்தால் உங்கள் சொல்லே துல்லியம். ஆனால் 'இசைவாக்கிய' என்பது இறந்தகாலம். தொகையாக்கினால் 'இசைவாக்கு உடற்கல்வி', இது ஏவல் போல் ஒலிக்கிறது. தமிழ்நாட்டு மாணவர் பள்ளியில் படித்து வந்ததும் தகவமைப்புதான்.

தன்வினைக் குழப்பத்துக்கு எனக்குத் தெரிந்த வழி, வினையாக எழுதும்போது செயப்படுபொருளை விடாமல் எழுதுவது. 'மாணவரைத் தகவமைக்க' என்று கைநூலில் எங்கும் வரக்கூடாது. 'ஆட்டத்தைத் தகவமைக்க', 'கோட்டைத் தகவமைக்க' என்றே வர வேண்டும். கூடவே, ஒரு நேரத்தில் ஒரு கைப்பிடியைத்தான் திருப்பச் சொல்ல வேண்டும். பயிற்சி ஆசிரியர் பந்தையும் தூரத்தையும் விதியையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு, எது உதவியது என்று தெரியாமல் நிற்பார். பந்தை மாற்று, ஐந்தாறு முறை ஆடவிட்டுப் பார், போதாவிட்டால் தூரத்தைத் தொடு.

மொழிபெயர்ப்பாளர்:

சொற்பட்டியலில் இப்படிப் பதிகிறேன். தகவமை உடற்கல்வி: மாணவரின் உடல், புலன், அறிவுத் திறனுக்கு ஏற்ப இடம், செயல், கருவி, ஆள் ஆகியவற்றை ஆசிரியர் மாற்றி நடத்தும் உடற்கல்வி. இலங்கை வழக்கு: இசைவாக்கிய உடற்கல்வி. உள்ளடக்கிய உடற்கல்விக்குத் தனிப் பதிவு, ஒன்றுக்கொன்று 'காண்க' குறிப்போடு.

அடுத்து முட்டிக்கொண்டிருப்பது கைதட்டும் அந்த இணை மாணவருக்கான சொல். 'உதவியாளர்' என்றால் ஆட்டத்திலிருந்து அவரை வெளியேற்றியது போல் இருக்கிறது. 'ஆட்டத்துணை' என்று எழுதிவைத்திருக்கிறேன், மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.