உறை எந்திரத்தில் இரண்டு தொட்டி, இரண்டு பசை: என்ன பெயர் வைப்பது?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புடையீர், வணக்கம்.

காகித உறைகளை மடித்து, பசை தடவி, உலர்த்தி அடுக்கும் எந்திரத்தின் இயக்கக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எந்திரத்தில் புதிதாக நிற்கப்போகிறவர்களுக்கு அதுதான் பாடநூல். மற்றதெல்லாம் முடிந்தது, பசையில் வந்து நிற்கிறேன்.

எந்திரத்தில் இரண்டு பசைத் தொட்டிகள். ஒன்றில் இருப்பது "சீம் கம்": உறையின் பக்க மடிப்புகளையும் அடி மடிப்பையும் மடித்த கையோடு ஒட்டுவது. மற்றதில் "சீல் கம்": வாய்ப்பக்க மடிப்பின் ஓரத்தில் பட்டையாகத் தடவி உலரவிடுவது. கடிதம் வைப்பவர் நனைத்தால்தான் ஒட்டும். பழைய பதிப்பில் இரண்டுக்கும் "பசை" என்ற ஒரே சொல். "பசையின் அளவைச் சரிபார்க்கவும்" என்றால் எந்தத் தொட்டியைப் பார்ப்பது?

அதோடு "செயின் டிரையர்" (பசை காயும் வரை உறைகளைப் பிடித்துக்கொண்டு நகரும் சங்கிலி), "ஃபிளாப்" (உறையின் மடிப்புப் பகுதி), "கர்ல்" (மடிப்பு சுருண்டுகொள்வது), "பிளாக்கிங்" (கட்டிலுள்ள உறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது) ஆகியவற்றுக்கும் சொல் தேவை. வரைவில் சீல் கம்முக்கு மூடுபசை, சீம் கம்முக்கு மூட்டுப்பசை, செயின் டிரையருக்கு உலர்சங்கிலி என்று போட்டிருக்கிறேன். தயங்காமல் வெட்டுங்கள்.

எந்திரப் பொறியாளர் எழுதியது:

மூடுபசை, மூட்டுப்பசை என்ற இணை வேண்டவே வேண்டாம். எந்திரம் ஓடும் இரைச்சலில் ஒருவர் கத்திச் சொன்னால் மற்றவர் காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழும். மாறினால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

மூட்டுக்கான பசையை வாய்ப்பக்கத் தொட்டியில் ஊற்றினால், உறை பார்க்க நன்றாகவே வரும். பசைப் பட்டை பளபளக்கும், உலரும், கட்டாகப் போய்ச் சேரும். ஆனால் மூட்டுக்கு ஊற்றும் பாலிவினைல் அசிட்டேட் வகைச் செயற்கைப் பசை ஒருமுறை படலமாகிவிட்டால், நனைத்தாலும் இளகி ஒட்டாது. தவறு தெரியவருவது உறை வாங்கியவர் கையில்தான். தலைகீழாக நடந்தால் உடனே தெரியும்: வாய்ப்பக்கத்துக்கான டெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்திலிருந்து செய்யும் பசை) கரைசல் மூட்டில் பிடிக்க நேரம் எடுக்கும், மடிப்பு அடுக்குமேடைக்கு வருமுன் பிளக்கும். பிளக்காவிட்டால் பசை உள்ளே பிதுங்கி, உறையின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றாகிவிடும். கடிதம் நுழையாது.

ஆகவே பசை என்ன செய்கிறது என்பது பெயரிலேயே தெரிய வேண்டும். என் முன்மொழிவு: மூட்டுக்குப் "பொருத்துபசை", வாய்க்கு "நனைபசை". நனைத்தால் ஒட்டுவது நனைபசை.

தமிழ் கற்பிப்பவர் எழுதியது:

முதலில் உலர்சங்கிலி. "உலர்" தன்வினை. உலர்சங்கிலி என்றால் உலர்கின்ற சங்கிலி. உலர்வது உறையல்லவா? பிறவினை "உலர்த்து". எனவே "உலர்த்துசங்கிலி". உலர்த்து வன்றொடர்க் குற்றியலுகரம் என்பதால் ச் போட்டுவிடாதீர்கள். இது வினைத்தொகை, வல்லினம் மிகாது. பொருத்துபசையில் ப் இல்லாததும் அதே காரணத்தால்தான்.

பசைக்கு வருகிறேன். பசுமை, பச்சை, பசை எல்லாம் ஒரு வேர் என்பர். பசை என்பதற்கு ஒட்டும் பண்டம் என்ற பொருளுடன் ஈரம் என்ற பொருளும் உண்டு. பசையற்ற நெஞ்சம் என்றால் ஈரமில்லாத நெஞ்சம். அப்படியிருக்க, எந்திரத்திலிருந்து காய்ந்து வெளிவரும் ஒன்றைப் பசை என்பதே முரண். பிசின் என்ற பொருளில் "பயின்" என்னும் பழஞ்சொல் நம்மிடம் இருக்கிறது. மீட்டுக்கொண்டுவந்தால் வாய்ப்பயின், மூட்டுப்பயின் என்று அழகாக அமையும். சங்கிலியும் வடசொல் வழி வந்தது. "தொடர்" என்ற தமிழ்ச்சொல் இருக்கையில் "உலர்த்துதொடர்" என்றே எழுதலாம்.

அச்சகப் பயிற்றுநர் எழுதியது:

ஐயா, இலக்கணத்துக்கு நன்றி. ஆனால் "பயின் நிரப்பவும்" என்று எழுதினால், "பயின்று" என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போயிற்று என்றே படிப்பவர் நினைப்பார். எந்திரத்தின் பக்கத்தில் நிற்பவர்கள் சொல்வது கம், டிரையர், ஃபிளாப். அவற்றை விட்டு விலக வேண்டுமானால் புதுச்சொல் கேட்டவுடன் விளங்க வேண்டும். பசை விளங்கும், சங்கிலி விளங்கும். தொடர் என்றால் பத்திரிகையில் வருவது.

வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்தினால் வடசொல்லையும் ஏற்கலாம் என்று தொல்காப்பியரே இடம் கொடுத்திருக்கிறார். சங்கிலியில் வடவெழுத்து எங்கே இருக்கிறது? "எந்திரம்" என்று இங்கே எல்லோரும் தயங்காமல் எழுதுகிறோம். கரும்பின் எந்திரம் சங்கப் பாட்டிலேயே வந்துவிட்டது.

வேதியியல் கற்பிப்பவர் எழுதியது:

பசை, பிசின், கோந்து மூன்றையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகப் பயன்படுத்தாமல் பிரித்துக்கொண்டால் என்ன என்று ஒரு யோசனை. பிசின் மரத்திலிருந்து கசிவது. கோந்து என்று நாம் சொல்வதும் கருவேலக் குடும்பத்து மரங்களின் பிசினைத்தான். தொடக்கக் காலத்தில் உறை வாயில் தடவியது அதைத்தான். டெக்ஸ்ட்ரின் அப்படியல்ல. மாவுச்சத்தை அமிலம் சிறிது சேர்த்து வறுத்தால், அதன் நீண்ட சங்கிலிகள் அறுந்து தண்ணீரில் எளிதில் கரையும் துண்டுகளாகின்றன. மாவில் காய்ச்சுவதைப் பசை என்பது நம் வழக்கம். எனவே டெக்ஸ்ட்ரினுக்குப் பசை, செயற்கை ஒட்டுபொருளுக்குப் பிசின்.

எந்திரப் பொறியாளர் எழுதியது:

அழகான பிரிவு, ஆனால் கையேட்டில் நிற்காது. மூட்டிலும் டெக்ஸ்ட்ரின் ஓட்டும் எந்திரங்கள் உண்டு. வாய்ப்பசையிலேயே டெக்ஸ்ட்ரினோடு செயற்கைப் பிசின் கலப்பதும் உண்டு. பொருளை வைத்துப் பெயரிட்டால் சரக்கு மாறும்போதெல்லாம் பெயரும் மாற வேண்டும்.

உலர்த்துசங்கிலி பற்றி. அந்த உறுப்பு ஏன் வந்தது என்று தெரிந்தால் பெயரும் தெளியும். 1845-இல் எட்வின் ஹில்லும் வாரன் டி லா ரூவும் காப்புரிமை பெற்ற எந்திரம் 1851 இலண்டன் கண்காட்சியில் மணிக்கு 2,700 உறை மடித்தது. 1853-இல் அமெரிக்காவின் உஸ்டரில் ரசல் ஹாஸ் காப்புரிமை பெற்றதும் மடிப்பு எந்திரமே. மடிப்பது எளிதான பாதி. வெட்டிய தாள்களை விசிறிபோல் விரித்து, ஓரங்களில் மட்டும் தூரிகையால் பசை இழுத்து, காயவைத்து, பிறகு மடிப்பது கைவேலை. அதை எந்திரத்துக்குள் கொண்டுவர முயன்றபோதுதான் சிக்கல்: ஈரப் பசையோடு வரும் உறை அடுத்த உறையைத் தொடக் கூடாது. காயும் வரை ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிடித்துக்கொண்டு நகர ஏதாவது வேண்டும். முள் வைத்த முடிவில்லாச் சங்கிலி அந்த வேலையைச் செய்தது.

கணக்கு இது. டெக்ஸ்ட்ரின் கரைசலில் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பங்கு திடப்பொருள், மீதி தண்ணீர். அதில் கொஞ்சம் தாள் குடிக்கும், மற்றதைக் காற்று கொண்டுபோக வேண்டும். காய 40 நொடி என்று வையுங்கள். நிமிடத்துக்கு 120 உறை என்றால் எந்த நேரத்திலும் சங்கிலியில் 80 உறை. 25 மில்லிமீட்டருக்கு ஒன்று என்று வைத்தால் 2 மீட்டர் போதும். நிமிடத்துக்கு 600 ஆக்கினால் 400 உறை, 10 மீட்டர். அவ்வளவு நீளத்துக்கு இடம் இருக்காது. அதனால் ஓடு வேய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரித்து, பசைப் பட்டை மட்டும் வெளியே தெரியும்படி அடுக்குவார்கள். பட்டை 12 மில்லிமீட்டர் அகலம் என்றால் அடுக்கின் இடைவெளி 15-க்குக் கீழே போக முடியாது. அப்போதும் 6 மீட்டர். வேகம் கூட்ட நினைக்கிறவர் கடைசியில் மோதுவது இந்த எண்ணோடுதான்.

சூட்டைக் கூட்டி நேரத்தைக் குறைக்கலாமே என்று தோன்றும். மேற்பரப்பு முதலில் தோல் கட்டிவிடும், உள்ளே ஈரம் சிறைப்படும். கட்டு கட்டியபின் அது மெல்ல வெளியேறி, உறைகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். காற்றின் வேகத்தைக் கூட்டுவது நல்லது, வெப்பத்தைக் கூட்டுவது இரண்டாம் பட்சம்.

பெயருக்கு வந்தால், இன்று பல எந்திரங்களில் சங்கிலி இல்லை. பட்டை வார்தான் ஓடுகிறது. எனவே உறுப்பின் பொதுப்பெயர் "உலர்த்தி". மண்வெட்டிபோலக் கருவிப்பொருளில் வரும் இகர விகுதி. சங்கிலி உள்ள எந்திரத்தில் "சங்கிலி உலர்த்தி" என்று அடை சேர்த்தால் போதும்.

தமிழ் கற்பிப்பவர் எழுதியது:

உலர்த்தி ஏற்புடையது. பயினை இப்போதைக்கு விடுகிறேன். விட்டுக்கொடுத்ததாகக் கொள்ள வேண்டாம்.

ஃபிளாப்புக்கு "மடல்" என்பேன். பனைமடல், தாழைமடல், காதுமடல்: ஓர் உடலோடு ஒட்டி, விரிந்து, மடங்கக்கூடியது எல்லாம் மடல். தலைவன் ஊர்ந்த மடலும் பனைமடலே. உறையின் நான்கு மடிப்புக்கும் இதைவிடப் பொருத்தமான சொல் அமையாது. வாய்மடல், அடிமடல், பக்கமடல்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

மடல் என்றால் கடிதம் என்றும் பொருளாயிற்றே. உறைக்குள் வைப்பதும் மடல், உறையின் பகுதியும் மடல் என்றால் குழம்பாதா?

அச்சகப் பயிற்றுநர் எழுதியது:

குழம்பாது. கையேட்டில் கடிதத்துக்கு வேலையே இல்லை; எந்திரத்திலிருந்து வருவது வெற்று உறை. அதோடு வாய்மடல், அடிமடல் என்று எப்போதும் அடையோடுதான் வரும். மடிக்கும் வரிசையைச் சொல்லிப் பாருங்கள்: "இரு பக்கமடல்களும் முதலில் உள்ளே மடியும்; அடிமடலின் ஓரங்களில் பசை ஏறி அவற்றின்மேல் படியும்; வாய்மடல் உலர்ந்தபின் கடைசியில் மடியும்." படித்தவுடன் கண்ணில் தெரிகிறது. இதில் எனக்கு மறுப்பே இல்லை.

"கர்ல்" பற்றி ஒரு வார்த்தை. "வளைவு" என்றால் தாள் எந்தக் காரணத்தால் வளைந்தாலும் பொருந்தும். இது பசை காய்கையில் சுருங்கி, தாளைத் தன் பக்கம் இழுப்பதால் வருவது. வாய்மடல் பசைப்பக்கமாக உருளும். "சுருளல்" என்போம். தாளின் நார் ஓடும் திசை, பசைப் படலத்தின் கனம், பசையில் கிளிசரின் போன்ற இளக்கி குறைந்தது, அறைக் காற்று மிகவும் வறண்டது என்று காரணங்கள். மடலின் மறுபக்கத்தில் இலேசாக ஈரம் ஏற்றினால் இழுப்பு சமப்படும். கூரான விளிம்பின் மேல் எதிர்ப்பக்கமாக இழுத்துப் படலத்தைக் கண்ணுக்குத் தெரியாத கோடுகளாக உடைப்பதும் ஒரு வழி. அளவு மிஞ்சினால் பசை செதிலாக உதிரும்.

வேதியியல் கற்பிப்பவர் எழுதியது:

"பிளாக்கிங்": ஈரக் காற்றில் பசை இளகி, கட்டிலுள்ள உறைகள் தாமாக ஒட்டிக்கொள்வது. "தானொட்டு" எனலாமா?

எந்திரப் பொறியாளர் எழுதியது:

வேண்டாம். இரண்டு ஓரத்திலும் இரப்பர்ப்பால் பூசி, அழுத்தினாலே ஒட்டும் உறை இருக்கிறதே, அந்தப் பெயரை அதற்கு விட்டுவைக்க வேண்டும். இது பழுது. "கட்டொட்டல்" என்று வைக்கலாம்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

நாளை அனுப்பியாக வேண்டும். எண்ணிப் பார்த்தால் பெரும்பாலோர் ஏற்பவை: உலர்த்தி, சங்கிலி உலர்த்தி, வாய்மடல், அடிமடல், பக்கமடல், சுருளல், கட்டொட்டல், பொருத்துபசை, நனைபசை. இவற்றையே போடட்டுமா?

அச்சகப் பயிற்றுநர் எழுதியது:

கடைசியை மட்டும் நிறுத்துங்கள். நனைப்பது உறை வாங்கியவரின் வேலை. எந்திரத்தில் நிற்பவருக்கு அது உலர்த்த வேண்டிய பசை. தொட்டியில் "நனைபசை" என்று ஒட்டினால், கெட்டியாகத் தெரியும் போதெல்லாம் தண்ணீர் ஊற்றத்தான் கை போகும். தண்ணீர் கூடினால் உலர்த்தி தாங்காது, பட்டை பரவும், தாள் அலையலையாகும். இருக்குமிடத்தை வைத்து "வாய்ப்பசை" என்று சொல்லிவிடுங்கள். நீங்களே முன்பு ஒரு கடிதத்தில் வாய்ப்பசை என்றுதானே எழுதினீர்கள், பொறியாளரே? சொல் தானாக வந்துவிட்டது.

எந்திரப் பொறியாளர் எழுதியது:

எழுதினேன், உண்மைதான். ஆனால் இரப்பர்ப்பால் பூசுவதும் வாயில்தான், உரித்து ஒட்டும் பட்டையும் வாயில்தான். மூன்றும் வாய்ப்பசை என்றால் எதற்கு உலர்த்தி எப்படித் தேவை என்று பிரித்துச் சொல்ல முடியாது. பசை வாங்கும் பட்டியலில் இந்த வேறுபாடு இல்லாவிட்டால் தவறான பீப்பாய் வந்து இறங்கும்.

தமிழ் கற்பிப்பவர் எழுதியது:

பயின் என்று வைத்திருந்தால்—

சரி. வாய்ப்பசை பொது, நனைபசை அதன் வகை. புணர்ச்சியில் ப் மிகுவதை மட்டும் அச்சில் விட்டுவிடாதீர்கள்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அப்படியே செய்கிறேன். தொட்டியிலும் பொத்தானிலும் இயக்கப் பக்கங்களிலும் "வாய்ப்பசை", "பொருத்துபசை". பசையின் தன்மை சொல்லும் அட்டவணையில் மட்டும் "நனைபசை". பொறியாளர் இதற்கு உடன்படவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன். அடுத்த பதிப்பில் மறுபடி எடுப்போம். நாளைக் காலைக்குள் வேறு மறுப்பு வந்தால் சேர்க்கிறேன்.

எந்திரப் பொறியாளர் எழுதியது:

உடன்படவில்லைதான். இரண்டு தொட்டிகளின் மூடியையும் வேறு வேறு நிறத்தில் கேட்டு, அந்த நிறத்தையும் பெயருக்குப் பக்கத்தில் அச்சிடச் சொல்லுங்கள்.