29 இன்ச் சக்கரம்: ஏற்றத்தில் கியர் கனக்கிறது, இறக்கத்தில் டயர் உரசுகிறது. பின்சக்கரத்தை மாற்றலாமா?

கேள்வி:
உயரம் 5 அடி 3 அங்குலம், எடை 58 கிலோ. 27.5 இன்ச் சக்கரமுள்ள மலை சைக்கிளை விற்றுவிட்டு 29 இன்ச் ஹார்ட்டெயில் (பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத மலை சைக்கிள்) வாங்கினேன். இரண்டிலும் முன் பல்சக்கரத்தில் 32 பல், பின்னால் 11 முதல் 46 பல் வரை. கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டப் பாதைகளில் ஓட்டுகிறேன். வேரும் கல்லும் கிடக்கும் இடத்தில் அருமையாக உருண்டு போகிறது. ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் மிக லேசான கியரிலும் மூச்சு முட்டுகிறது. இறக்கத்தில் உடம்பைப் பின்னால் தள்ளினால் டயர் ஷார்ட்ஸில் உரசுகிறது. பின்னால் மட்டும் 27.5 போட்டுவிடலாமா?

பதில் 1:
வேண்டாங்க. அந்த ஃபிரேம் அதற்கென்று செய்ததல்ல. 29-க்கு ரிம் விட்டம் 622 மில்லிமீட்டர், 27.5-க்கு 584. வித்தியாசத்தில் பாதி, அதாவது 19 மில்லிமீட்டர், பின்பக்கம் தாழும், கிராங்க் (பெடல் பூட்டியிருக்கும் தண்டு) ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கிவிடும். மிதிக்கும்போது பெடல் கல்லில் தட்டும். சீட்டும் ஏறக்குறைய 1 டிகிரி பின்னால் சாய்வதால் ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கும், உங்கள் பிரச்சினை இன்னும் கூடும். போட்டிகளில் இரண்டு அளவையும் கலந்து ஓட்ட 2019-இல் உலக சைக்கிள் பந்தய அமைப்பான யூசிஐ அனுமதித்ததும் பலர் மாறினார்கள், உண்மைதான். அவர்களுக்கு அதற்கேற்ற ஃபிரேம் இருக்கிறது.

கியருக்கு வழி எளிது. பெரிய சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 5 சதவீதம் கூடுதல் தூரம் போகிறது, மிதியும் அந்த அளவுக்குக் கனக்கிறது. முன்னால் 30 பல் போடுங்கள், பழைய இலகு திரும்பிவிடும்.

பதில் 2:
டயர் உரசுவதற்கு ஓட்டும் முறையை மாற்றுங்கள். பெரிய சக்கரம் கல்லில் முட்டி நிற்காமல் ஏறிவிடும், அதனால் 27.5-இல் போல அவ்வளவு பின்னால் போகத் தேவையே இல்லை. சீட்டை இறக்கி, முழங்கையை மடக்கி, நெஞ்சைத் தாழ்த்தி, எடையைப் பெடல் மேல் வையுங்கள். ஹேண்டில்பாருக்குக் கீழே ஸ்பேசர் வளையங்கள் இருந்தால் ஒன்றிரண்டை மேலே மாற்றுங்கள். குள்ளமானவர்களுக்கு 29-இல் முன்பக்கம் உயரமாகத்தான் இருக்கும்.

விற்கும் எண்ணம் வந்தால் அவசரப்படாதீர்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 27.5-இல் ஓடிய சுவிஸ் மலை சைக்கிள் வீரர் நினோ ஷூர்ட்டர், 29-இல் வந்த செக் வீரர் குல்ஹாவியிடம் கடைசி நேர வேகப் பாய்ச்சலில் தங்கத்தை இழந்தார். 2016 ரியோவில் அவரே 29-இல் ஓடித் தங்கம் வாங்கினார்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. என் கிராங்கில் 30 பல் உட்காருமா?

பதில் 1:
பல்சக்கரம் 4 போல்ட்டில் நின்று, அந்த போல்ட் வட்டத்தின் விட்டம் 104 மில்லிமீட்டர் என்றால் 30-தான் எல்லை, அதற்குக் கீழே இறங்காது. பல்சக்கரம் கிராங்கிலேயே நேராகப் பொருந்தும் நேரடி மவுண்ட் என்றால் 28 கூடப் போடலாம். செயினைப் பெரும்பாலும் வெட்ட வேண்டியிருக்காது.