இடுப்பு ஓரப் படுக்கைப் புண்ணுக்குத் தொடைத் தசை ஃபிளாப்: ஏன் இந்தத் தசை, எப்படிப் பார்த்துக்கொள்வது?

கோத்தகிரி சிஸ்டர்:
வீட்டுப் பராமரிப்பில் இருக்கும் நோயாளி. சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறிக்கும்போது விழுந்து, டி-12 (மார்புப் பகுதியின் கடைசி முள்ளெலும்பு) அளவில் முதுகுத்தண்டு அடிபட்டவர். கால்களில் உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. வலது ட்ரோக்கான்டர் (இடுப்பு ஓரம் புடைத்திருக்கும் தொடையெலும்பு மேடு) மேல் எலும்பு தெரியும் அளவுக்குப் புண். கோவையில் டென்சர் ஃபேசியா லேட்டா (இடுப்புக்குக் கீழே தொடையின் வெளிப்பக்கத் தசை) ஃபிளாப் வைக்கலாம் என்கிறார்கள். தொடைச் சதையை எடுத்தால் கால் இன்னும் சூம்பிப் போகுமே என்று வீட்டில் பயப்படுகிறார்கள். என்ன சொல்வது? மலைக்குத் திரும்பிய பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

பிளாஸ்டிக் சர்ஜன், கோவை:
சிஸ்டர், தசையை அறுத்தெடுத்து ஒட்டுவதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். ரத்தக்குழாய்க் காம்பு உடம்போடு இருக்க, தோல், ஃபேசியா (தசையைப் போர்த்தியிருக்கும் சவ்வு), தசை மூன்றையும் சேர்த்துத் தூக்கிப் புண்மேல் திருப்பி வைக்கிறோம். இந்தத் தசைக்கு முக்கியமான காம்பு ஒன்றுதான். இடுப்பெலும்பின் முன்முனைக்குக் கீழே 8 முதல் 10 செ.மீ. தூரத்தில் உள்ளே நுழைகிறது. ட்ரோக்கான்டர் பக்கத்திலேயே இருப்பதால் இழுக்காமல் எட்டும். நடக்கிறவர்களுக்கே இதன் இழப்பு பெரிதாகத் தெரியாது.

எல்லாத் தொடைத் தசையும் அப்படியல்ல. தொடை முன்பக்கத்து ரெக்டஸ் ஃபெமோரிஸை நடக்கிறவரிடம் எடுத்தால் முழங்காலைக் கடைசி 10, 15 டிகிரி நீட்ட முடியாமல் போகலாம். அதனால் அதன் இருபக்கமும் உள்ள வாஸ்டஸ் தசைகளையும் நடுவில் சேர்த்துத் தைப்போம். தொடையின் உட்பக்கத்து கிராசிலிஸை எடுத்தாலும் தொடையை உள்ளே இழுக்க வேறு தசைகள் உண்டு. ஆனால் அது சிறியது. பிறப்புறுப்புப் பக்கத்துக்கும் உட்காரும் எலும்புப் புண்ணுக்கும்தான் பெரும்பாலும் பயன்படுத்துவோம்.

டென்சர் ஃபிளாப்பில் சிக்கல் வருவது நுனியில். தசை மேல்பாகத்தில் மட்டும்தான். கீழே வெறும் ஃபேசியாவும் தோலும். முழங்காலை நெருங்க நெருங்க ரத்த ஓட்டம் குறையும். பேராசைப்பட்டு நீளமாக எடுத்தால் நுனி கருகும். எடுத்த இடத்தின் அகலம் சுமார் 8 செ.மீ. இருந்தால் நேராகத் தைத்துவிடலாம். அதற்கு மேல் போனால் ஸ்கின் கிராஃப்ட் (வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டுவது). புண்ணுக்கு அடியிலுள்ள பர்சா என்னும் நீர்ப்பையை முழுதாக எடுக்காவிட்டால் மேலே ஆறினாலும் உள்ளே நீர் கட்டி மறுபடி திறக்கும்.

வார்டு இன்சார்ஜ்:
ஆபரேஷனுக்கு முன்னால் சாப்பாடுதான் பாதி வேலை. உடல் எடை கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம், தினமும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டு. 50 கிலோ ஆளுக்கு அது 63 முதல் 75 கிராம். ஒரு முட்டை 6 கிராம்தான் தரும், கஞ்சியை மட்டும் நம்பினால் கிட்டவே வராது. கால் வெட்டி இழுத்தால் பாக்லோஃபென் (தசை இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்து) பற்றியும் முன்பே பேசுங்கள். ஒரு இழுப்பு தையலைப் பிரித்துவிடும்.

முதல் 48 மணி நேரம் ஃபிளாப்பை அடிக்கடி பார்க்கணும். நம் தோல் நிறத்தில் நிறமாற்றம் சட்டென்று தெரியாது. புறங்கையால் தொட்டுப் பக்கத்துத் தோலோடு ஒப்பிடுங்கள், அழுத்தி விட்டுப் பாருங்கள். வெளிறி, குளிர்ந்து, நிறம் திரும்பாவிட்டால் தமனி அடைப்பு. ஊதா ஓடி, வீங்கி, அழுத்தியதும் சட்டென்று நிறம் திரும்பினால் சிரை அடைப்பு: கட்டு இறுக்கமா, உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறதா, காம்பு மடங்கியிருக்கிறதா பார்த்து உடனே டாக்டரைக் கூப்பிடணும். டிரெயினை (உள்ளே சேரும் நீரை வெளியேற்றும் குழாய்) நாள்கணக்குப் பார்த்து உருவக் கூடாது. 24 மணி நேரத்தில் வருவது 30 மி.லி.க்குக் கீழே வரட்டும்.

பிசியோ, குன்னூர்:
மேட்டுப்பாளையத்தில் இருந்து ஏறும்போது காரில் உட்கார வைத்துக் கூட்டி வந்துவிடாதீர்கள். ஆம்புலன்ஸில் மல்லாந்து அல்லது இடது பக்கமாக, முதுகுக்கும் இடுப்புக்கும் தலையணை முட்டுக் கொடுத்து, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று வைத்து. கொண்டை ஊசி வளைவில் உடம்பு உருண்டால் ஃபிளாப்பின் அடிப்பக்கம் வழுக்கி உராயும். வலது கால் இடது காலைத் தாண்டினால் தையல் இழுபடும்.

குறைந்தது 3 வாரம் ஆபரேஷன் செய்த பக்கம் படுக்கவே கூடாது. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பணும். சர்ஜன் சரி என்ற பிறகு உட்கார்வது முதலில் 15 நிமிடம். இறக்கிவிட்டுத் தோலைப் பாருங்கள். சிவப்பு அரை மணி நேரத்தில் மறைந்தால் மறுநாள் இன்னும் 15 சேர்க்கலாம், மறையாவிட்டால் ஏற்றாதீர்கள்.

கோத்தகிரி சிஸ்டர்:
நன்றி. குளிருக்கு வெந்நீர்ப் பை வைக்கிறார்கள், வைக்கலாமா?

வார்டு இன்சார்ஜ்:
கூடவே கூடாது, கங்குச் சட்டியும் கட்டில் பக்கம் வேண்டாம். உணர்வு இல்லாத தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. டி-12 என்பதால் புது ஃபிளாப்பிலும் உணர்வு இருக்காது. அறையைச் சூடாக வைத்துக் கம்பளி போர்த்துங்கள், கம்பளியின் மடிப்பு அடியில் போகாமல்.